பொம்பேயி வாசலில் அக்காவின் பை

வெள்ளிக்கிழமை, காலை 9.15.

கிழக்கு லண்டனில் நாங்கள் இருக்கும் பார்க்கிங் என்ற ஊரின் நிலையத்தில் ரயில் ஏறும்போது என் முதுகுப்பையில் இருந்தவை: இரண்டு சேர்ட், ஒரு சாரம், அம்மா தந்த பன்னிரண்டு மெழுகுவர்த்தி, எரிமலைகளைப் பற்றிப் பல்கலைக்கழக நூலகத்தில் அச்சடித்த முப்பத்தொரு பக்கம். மெழுகுவர்த்தி பொம்பேயி மாதாவுக்கு. தாள்கள் அக்காவுக்கு.

அக்கா டிலானி நேப்பிள்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் பொட்சுவோலி என்ற கடற்கரை ஊரில் இருக்கிறார். வயிற்றில் ஏழு மாதம். முதல் பிள்ளை. அந்த ஊரே ஒரு பழைய எரிமலையின் வாய்க்குள் கட்டப்பட்டது. நிலம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகிறது, அடிக்கடி நடுங்குகிறது. போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே "பொறு, ஆடுது" என்பார். பிறகு சத்தமே இருக்காது. அந்த இடைவெளியில் அம்மா செபமாலையைத் தேடுவார்.

"நீ படிச்சனீ. நீ சொன்னால் கேப்பாள். பிள்ளை பிறக்கும் மட்டும் வேற ஊருக்குப் போகச் சொல்லு" என்று அம்மா என்னை அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா மன்னாரில் கடற்தொழில் செய்தவர். கையெழுத்து மட்டும் வைப்பார். அக்கா ஏழாம் வகுப்போடு நின்றார். அதனால் எங்கள் வீட்டில் கவுன்சில் கடிதமானாலும் சரி, எரிமலையானாலும் சரி, என் பொறுப்பு.

பொம்பேயி என்றால் அம்மாவுக்கு மாதா கோயில்தான். ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் ஆட்கள் பலர் அங்கே நேர்த்திக்குப் போவார்கள். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ரோம ஊர் ஒன்று எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்தது என்று நான் சொன்னபோது, "மாதா இருக்கிற ஊரிலயோ?" என்று நம்பாமல் கேட்டார். மாதா கோயில் பிறகுதான் வந்தது என்றேன். "அதுதானே பார்த்தன்" என்றார்.

வெஸ்ட் ஹாமில் மாறி ஸ்ட்ராட்ஃபர்ட். அங்கிருந்து ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்கு பஸ், பதின்மூன்றரை பவுண்ட். விமானம் போகவர எழுபத்தொரு பவுண்ட். சிறிய பை மட்டும். பாதுகாப்புச் சோதனையில் மெழுகுவர்த்திகளை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். "பிறந்தநாளா?" என்று கேட்டார் அந்த அலுவலர். இல்லை, சேர்ச் என்றேன். கவனமாகத் திரும்ப அடுக்கித் தந்தார்.

மாலை 5.40, நேப்பிள்ஸ் நேரம்.

விமான நிலையத்திலிருந்து நகர ரயில் நிலையத்துக்கு பஸ், ஐந்து யூரோ. அங்கிருந்து பொட்சுவோலிக்கு ரயிலில் அரை மணி நேரத்துக்கு மேல். நிலம் நடுங்கினால் தண்டவாளத்தைச் சோதித்து முடிக்கும்வரை ரயிலை நிறுத்திவிடுவார்களாம். நான் வந்த நேரம் ஓடியது. இறங்கியதும் மூக்கில் அடித்தது அழுகிய முட்டை மணம். கந்தகம். புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பலமுறை படித்திருக்கிறேன், மணந்தது அன்றுதான்.

நிலையத்துக்கு வந்திருந்த அக்கா என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகும் முன் துறைமுகத்தைக் காட்டினார். சிறிய வள்ளங்கள் சேற்றில் சரிந்து கிடந்தன. தண்ணீர் இருந்த இடத்தில் பாசி படிந்த சுவர்.

சுனாமிக்குப் பிறகு, கடல் பின்வாங்கினால் ஓடு என்றுதான் எங்களை வளர்த்தார்கள்.

"அக்கா, கடல் உள்ளுக்குப் போயிருக்கு!"

"கடல் எங்கயும் போகேல்லையடா. நிலம் எழும்பியிருக்கு. நானும் முதல்நாள் கண்டிட்டு ஓட வெளிக்கிட்டனான். அத்தான் இண்டைக்கும் சொல்லிச் சிரிப்பார்."

வீடு மூன்றாம் மாடி. ஐம்பத்திரண்டு படிகள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நீல ரெக்சின் பை. எங்கள் பார்க்கிங் வீட்டிலும் அதே இடத்தில் அப்படி ஒன்று தொங்குகிறது. அக்காவின் பையில் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நான அட்டை, கல்யாணப் பதிவு, முகாமில் தந்த அட்டைகள், அப்பாவின் அடையாள அட்டை. போர்க்காலத்தில் வன்னியில் இடத்துக்கு இடம் ஓடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன்: சோற்றுப் பானையை விட்டுவிட்டு ஓடலாம், பையை விட்டுவிட்டு ஓடக்கூடாது. அது இல்லாவிட்டால் நீங்கள் யார் என்று சொல்ல ஆளில்லை.

போர் நடந்த ஒரு நாள். அப்போது எனக்கு ஆறு வயது. அக்காவுக்குப் பதின்மூன்று. பங்கருக்குள், அந்தப் பதுங்குகுழிக்குள், இறங்கிய பிறகுதான் பை எங்கள் கொட்டில் வீட்டில் கிடப்பது தெரிந்தது. அப்பா திரும்பிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து வேறொருவர் பையைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். அப்பா வரவில்லை. அந்தப் பையில் இருந்த தாள்களால்தான் நானும் அம்மாவும் லண்டன் வந்தோம். அக்காவுக்கு அப்போது பதினெட்டு தாண்டிவிட்டதால் விசா விதிப்படி அவரை எங்களோடு கூட்டிவர முடியவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது என் முப்பத்தொரு பக்கத்தையும் எடுத்தேன். அக்காவின் கணவர், அன்ரன் அத்தான், படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மீன்குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, இதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த அட்ரஸில பதிஞ்சு பத்து வருசம் முடிய இன்னும் பதினொரு மாசம் கிடக்கு. பிறகு சிட்டிசனுக்குப் போடலாம். இடையில பதிவு விட்டுப்போனால் திரும்ப ஒண்டில இருந்து."

"அக்காவை மட்டுமாவது ரோமுக்கு அனுப்பலாமே? உங்கட அக்கா அங்கதானே இருக்கிறா?"

"அவ போனால்தானே" என்றார் அத்தான்.

அக்கா குழம்பைப் பரிமாறியபடி, "நான் இவரை விட்டிட்டுப் போகமாட்டன். ஒருக்கா ஆளை விட்டிட்டு இருந்து பார்த்தாச்சு" என்றார். நான் தாள்களை அடுக்கித் திரும்ப முதுகுப்பைக்குள் வைத்தேன்.

அப்போது மனதுக்குள் ஒரு திட்டம் போட்டேன். நாளை மாதா கோயிலுக்குப் போகிறோம். அப்படியே அக்காவைப் புதைந்த ஊருக்குள்ளும் கூட்டிப்போவது. கண்ணால் கண்டால் பயந்து ரோமுக்குப் போக ஒப்புக்கொள்வார். அக்காவைப் பயப்படுத்தத்தான் நான் அந்தப் பயணத்தைச் செய்தேன். அதை இங்கே எழுதியாக வேண்டும்.

சனிக்கிழமை, காலை 10.20. பொம்பேயி.

நேப்பிள்ஸிலிருந்து எரிமலையைச் சுற்றி ஓடும் சின்ன ரயிலில் நாற்பது நிமிடம். மூன்று யூரோ சில்லறை. ஒரு பெண் அக்காவின் வயிற்றைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டு, பக்கத்தில் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த இளைஞனையும் தோளில் தட்டி எழுப்பி எனக்கு அவன் இடத்தைத் தந்தார். இடப்பக்க ஜன்னலில், பழைய பொம்பேயியைப் புதைத்த வெசுவியஸ் மலை எங்களோடு கூடவே வந்தது. மேலே புகை இல்லை, நெருப்பு இல்லை. நடுவில் கடித்தெடுத்ததுபோல ஒரு மலை. அதன் சரிவு முழுக்க வீடுகள், துணி காயும் மாடிகள். எனக்குப் பயம் தந்தது அந்தத் துணிகள்தான்.

மாதா கோயிலின் உட்சுவர்களில் வெள்ளி இதயங்களும், விபத்தில் தப்பியவர்கள் கொடுத்த படங்களும் நெருக்கமாகத் தொங்கின. மெழுகுவர்த்திகளை ஒரு தொண்டர் வாங்கித் தட்டில் வைத்து, பிறகு ஏற்றுவோம் என்று சைகை காட்டினார். பன்னிரண்டும் ஏற்றப்படாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு வர மனம் ஒப்பவில்லை. அம்மாவிடம் போனில் ஏற்றியாயிற்று என்றே சொன்னேன்.

"அக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா போவம். பத்து நிமிச நடை."

"எட்டு வருசமா மாதாவிட்ட வாறன், உந்தப் பக்கம் போனதே இல்லை. செத்த சனத்தின்ர ஊரில எனக்கென்ன வேலை?"

"லண்டனில இருந்து இதைப் பார்க்கவெண்டு வந்திருக்கிறன்."

"சரி, வா. பிறகு அம்மாட்ட சொல்லிப்போடாதே."

வட்டரங்கப் பக்கத்து வாசல். டிக்கெட் பதினெட்டு யூரோ. போக நினைப்பவர்கள் கவனிக்க: டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், அடையாள அட்டை காட்ட வேண்டும். அக்கா தன் அட்டையை எடுக்கத் தோளில் இருந்த பையைத் திறந்தபோதுதான் கண்டேன். அது கதவடி ஆணியில் தொங்கிய அதே நீலப் பை. வீட்டைவிட்டு எங்கே போனாலும் அது கூடவே வருமாம்.

காவலர் பையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பெரிய பைகளுக்கு அனுமதி இல்லை. பக்கத்து அறையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். காசு கட்டத் தேவையில்லை. இலக்கத் தகடு தருவார்கள்.

"வையுங்கோவன் அக்கா. நம்பர் தருவினம்."

"நம்பரை வச்சு நான் என்ன செய்யிறது? அப்பாவின்ர அடையாள அட்டையைத் துலைச்சிட்டு நம்பரைக் காட்டவோ? நீ போய்ப் பார்த்திட்டு வா. நான் இந்தக் கல்லில இருக்கிறன்."

பின்னால் வரிசை நீண்டது. காவலர் பொறுமையாக மறுபடியும் பையைக் காட்டி, அறையைக் காட்டினார். அக்கா தன் இத்தாலிய மொழியில் என்னவோ சொன்னார். அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அங்கேதான் நான் பிழை விட்டேன். "அக்கா, உள்ளுக்கு இருக்கிறதை எடுத்து உடம்போட வச்சிருங்கோ. வெறும் பையைக் குடுப்பம்" என்றேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். தாள்கள் எல்லாம் ஒரு தடித்த பொலித்தீன் உறைக்குள் சுற்றப்பட்டிருந்தன. அக்கா அதை வெளியே எடுத்து, வயிற்றுக்கு மேல் வைத்து, சால்வையால் சுற்றிக் கட்டினார். வெறும் பை அறைக்குப் போனது. நாங்கள் ஊருக்குள் போனோம்.

ஊர் என்றுதான் சொல்ல வேண்டும். இடிபாடு என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். தெருக்கள் நேராக ஓடுகின்றன. கல் பாவிய பாதையில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளம். மழைநீரில் கால் படாமல் தெருவைக் கடக்க உயரமான கற்கள். தெருமுனையில் தண்ணீர்த் தொட்டி. கை ஊன்றிக் குனிந்து குடித்தவர்களால் அதன் விளிம்பு ஓரிடத்தில் வழவழவென்று குழிந்திருந்தது. கடைகளில் கல்மேடை, அதில் சட்டி பதிக்கும் துளைகள். அக்கா ஒன்றுக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"சாப்பாட்டுக் கடையோ?"

"ஓம். சூடாச் சாப்பாடு வித்திருக்கினம்."

"லண்டன் கிரீன் ஸ்ட்ரீட்டில நீ படமெடுத்து அனுப்பின கடை மாதிரித்தான் கிடக்கு."

எந்தத் தெருவில் திரும்பினாலும் முடிவில் மலை நின்றது. ஓடி ஒளிந்து விளையாடும்போது ஒவ்வொரு மூலையிலும் அதே ஆள் நிற்பதுபோல.

பகல் 12.30. அகதிகளின் தோட்டம்.

அந்த இடத்தின் இத்தாலியப் பெயருக்கு நேர்ப்பொருள் ஓடிப்போனவர்களின் தோட்டம். பெயர்ப்பலகையை அக்கா இத்தாலிய மொழியில் வாசித்துவிட்டு, "எங்கட பேரை வச்சிருக்கிறாங்கள்" என்றார். அதுதான் அன்று அவர் சொன்ன கடைசிப் பகிடி.

கண்ணாடிக்குப் பின்னால் பதின்மூன்று பேர் கிடந்தார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும். சாம்பல் இறுகிய பிறகு உடல்கள் அழிந்து வெற்றிடமாகின. அந்த வெற்றிடத்துக்குள் சாந்தை ஊற்றி எடுத்த உருவங்கள். ஆகவே உடலின் மடிப்பு அப்படியே இருக்கிறது. ஒருவர் முழங்கையை ஊன்றி எழும்ப முயல்கிறார். இரண்டாயிரம் வருடமாக எழும்பிக்கொண்டிருக்கிறார். நகர வாசல் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

நான் தயாரித்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கினேன். மலை வெடித்த உடனே எல்லோரும் சாகவில்லை; முதலில் பல மணி நேரம் சிறு கற்கள் மழைபோல் விழுந்தன; உடனே வெளிக்கிட்டவர்கள் பலர் தப்பினார்கள்; பொறுத்திருந்தவர்களும் திரும்பி வந்தவர்களும்தான்...

"என்னத்துக்குத் திரும்பி வந்தவை?" என்று அக்கா இடைமறித்தார்.

"நகை, காசு. சிலபேர் வீட்டுச் சாவியைக் கையில வச்சபடி கிடந்தவையாம்."

"சாவியோ?"

"ஓம்."

அக்கா நீண்ட நேரம் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு கை சால்வைக்கு மேல் இருந்தது. அதன் கீழே பொலித்தீன் உறை, அதன் கீழே பிள்ளை. நான் நினைத்தபடி பயந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அதில் எனக்கு வெற்றி எதுவும் தெரியவில்லை. அவர் முகம் பங்கருக்குள் இருந்த பதின்மூன்று வயது முகம்.

"காணும் தம்பி. போவம்."

வெளியே வந்து வெறும் பையை வாங்கிக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் களைப்பில் சால்வையை அவிழ்த்து, உறையோடு சேர்த்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். பையை நான் வாங்கி, அதன் இடத்தில், கதவடி ஆணியில் மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7.50.

அத்தான் ஹோட்டலில் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். நாங்கள் பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம். முதலில் சத்தம்தான் வந்தது. வீட்டுக்கு அடியில் ஒரு லொறி போவதுபோல. பிறகு தேநீர்க் கோப்பைகள் தட்டில் நடக்கத் தொடங்கின. நான் அவை நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்தொரு பக்கம் படித்தவன், நின்றேன்.

"டேய், இறங்கு!"

அக்கா ஆணியிலிருந்த பையை இழுத்துத் தோளில் போட்டார். நான் முன்னால் ஓடினேன். படிகள் காலுக்கு வந்து மோதின. முற்றத்தில் கீழ்வீட்டுக் கார்மேலா அம்மா இரவுச் சட்டையோடு நின்று கத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் அக்கா இல்லை.

முதலாம் மாடிப் படிக்கட்டு ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. அது மேலே போய்க்கொண்டிருந்தது.

பை பாரமில்லாமல் இருந்ததை அங்கே வைத்துத்தான் உணர்ந்திருக்கிறார். அதை வெறும் பையாக்கியவன் நான்.

ஐம்பத்திரண்டு படிகளை நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. இரண்டாம் முறை ஆடியது பாதியில். கைப்பிடிக் கம்பி பாம்புபோல நெளிந்தது. அக்கா அலுமாரிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். கதவு இறுகிவிட்டது; இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து சுண்ணாம்பு கொட்டித் தலையும் தோளும் வெள்ளை. எழும்ப ஒரு முழங்கையை ஊன்றினார்.

அந்தக் கோலத்தை நேற்று மதியம் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். கதவை உதைத்தேன். திறந்தது. உறையை என் சேர்ட்டுக்குள் திணித்து, அக்காவின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

கட்டடம் நின்றது. ஒரு பூச்சட்டி மட்டும் உடைந்தது. கார்மேலா அம்மா தன் காருக்குள் அக்காவை இருத்தி, சின்ன அடுப்பில் கோப்பி வைத்தார். இப்படி எத்தனையோ தடவை வைத்தவர்போல. அக்காவின் பற்கள் கோப்பையில் தட்டின. பிள்ளை உதைக்குதோ என்று கேட்டேன். ஓம் என்று தலையை ஆட்டினார்.

அத்தான் ஹோட்டல் உடுப்போடே ஓடிவந்தார். நடந்ததைக் கேட்டதும், "பையாம் பை! உனக்கென்ன விசரே?" என்று கத்தினார். பிறகு காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, இதை நீ கொண்டு போ."

"என்னத்தை?"

"எல்லாத்தையும். கார்ட்டும் பாஸ்போர்ட்டும் எனக்குப் போதும், அதை நான் கழுத்தில கட்டியிருப்பன். மிச்சம் இஞ்ச கிடந்தால் நான் திரும்பியும் ஏறுவன். எனக்கு என்னைத் தெரியும்."

"ரோமுக்குப் போறதெண்டால்..."

"ரோமுக்குப் போறதைப் பற்றிக் கதைக்கேல்லை. இதைக் கொண்டு போ எண்டுறன்."

அன்று மாலை விமானத்தில் நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். விமானம் காற்றில் கொஞ்சம் குலுங்கியபோது என்னை அறியாமல் அதன் வாரைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

பார்க்கிங்கில் அம்மா கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்.

"இதேன் கொண்டு வந்தனீ? அவளிட்ட ஒண்டும் இல்லையோ இப்ப?"

"அக்காதான் தந்து விட்டவ."

நடந்ததைச் சொன்னேன். அலுமாரிக் கதவுவரை வந்ததும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். மிச்சத்தை அவர் கேட்கவில்லை. பையை வாங்கி, எங்களுடைய பை தொங்கும் அதே ஆணியில் அதற்கு மேல் மாட்டினார். மெழுகுவர்த்தி ஏற்றவில்லை என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு அக்கா போனில் கூப்பிட்டார். காரின் கதவு சாத்தும் சத்தம் பின்னால் கேட்டது.

"ஆடினதம்மா. கீழ வந்திட்டன்."

"என்ன எடுத்துக்கொண்டு வந்தனீ?" பழக்கத்தில் அம்மா கேட்டுவிட்டார்.

"ஒண்டுமில்லை. கம்பியைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான், இரண்டு கையாலயும்."

அம்மா போனை என்னிடம் தந்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. லண்டன் பக்கம் போகும் ரயில் ஒன்று கடந்தது. ஜன்னல் கண்ணாடி எப்போதும்போல அதிர்ந்தது. இத்தனை வருடம் அதை நான் கவனித்ததில்லை. கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் இரண்டு பைகளும் மெல்ல ஆடின. அவை நிற்கும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை.